ஆயிரம் பவுண்டு ஆல்ஃப் காமன்: விலை கிளப்புக்கு, வாரக்கூலி ஆளுக்கு

கேள்வி இதுதான்: "1905இல் ஆல்ஃப் காமன் என்ற இங்கிலாந்துக்காரர்தான் உலகிலேயே முதன்முதலாக ஆயிரம் பவுண்டுக்கு விலைபோன கால்பந்து வீரர் என்று படித்தேன். அந்தக் காலத்து ஆயிரம் பவுண்டு என்றால் மனிதர் பெரிய பணக்காரர் ஆகியிருப்பாரே? அந்த விலைக்குத் தகுதியான ஆட்டக்காரர்தானா? அப்படியானால் ஏன் யாருக்கும் அவரைத் தெரியவில்லை?"

முதலில் பணத்தை முடித்துவிடுவோம், குழப்பமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நமக்கு ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழக்கம். ஒருவர் பத்துக் கோடிக்குப் போனார் என்றால் அது அவருடைய சம்பளம். கால்பந்தில் டிரான்ஸ்ஃபர் தொகை அப்படிப்பட்டதல்ல. வாங்குகிற கிளப் விற்கிற கிளப்புக்குக் கொடுப்பது அது. காமன் விஷயத்தில் மிடில்ஸ்ப்ரோ கிளப் ஆயிரம் பவுண்டைச் சண்டர்லேண்ட் கிளப்பிடம் கொடுத்தது. காமனுக்கு? புதுக் கிளப்பில் கையெழுத்துப் போட்டதற்குச் சட்டப்படி அதிகபட்சம் பத்துப் பவுண்டு. அதன்பின் வாரச் சம்பளம், அதுவும் நான்கு பவுண்டுக்கு மேல் கூடாது.

இந்த நான்கு பவுண்டு உச்சவரம்பு 1901இல் வந்தது. ஜெயித்தால் போனஸ் கொடுப்பதையும் அப்போதே தடை செய்தார்கள். கைத்தொழில் தெரிந்த ஒரு நல்ல தொழிலாளி வாரம் ஒன்றரை, இரண்டு பவுண்டு வாங்கிய காலம் என்பதால் நான்கு பவுண்டைக் குறைவு என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் நான்கு வீதம் ஆயிரம் பவுண்டு சேர 250 வாரம் ஆகும். காமன் மிடில்ஸ்ப்ரோவில் இருந்தது ஐந்து ஆண்டும் கொஞ்சமும். உச்சவரம்புச் சம்பளம் ஒரு வாரம் விடாமல் கிடைத்திருந்தாலும், அத்தனை ஆண்டுச் சம்பளத்தையும் கூட்டினால்தான் ஒரே நாளில் அவர் பெயரைச் சொல்லி இரண்டு கிளப்புகள் கைமாற்றிய தொகையைச் சற்றே தாண்டும்.

விலை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1890களின் தொடக்கத்திலிருந்து இங்கிலாந்து லீக்கில் ஒரு நடைமுறை இருந்தது. வீரரின் பதிவுச் சீட்டு கிளப்பின் சொத்து. ஏப்ரல் மாதக் கடைசியில் சீசன் முடியும்போது, இன்னின்னாரை வைத்துக்கொள்கிறோம், இன்னின்னாரை இன்ன விலைக்கு விடுகிறோம் என்று கிளப் பட்டியல் போடும். வைத்துக்கொள்ளும் பட்டியலில் பெயர் வந்துவிட்டால், ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் வீரர் வேறு லீக் கிளப்புக்குப் போக முடியாது. நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வீட்டில் உட்காரலாம், சம்பளம் வராது. ஒரே ஒரு சந்து இருந்தது. தெற்கே தனியாக நடந்த சதர்ன் லீக் இந்தப் பட்டியலை மதிக்கவில்லை, அங்கே போய்விடலாம். 1910 வாக்கில் இரண்டு லீக்குகளும் கைகுலுக்கிக்கொண்டு அந்த வழியையும் அடைத்துவிட்டன.

சரி, ஆளுக்கு வருவோம்.

காமன் 1880 மே 25 அன்று சண்டர்லேண்டில் பிறந்தவர். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலை, கப்பல் கட்டும் ஊர், நிலக்கரி ஊர். உள்ளூர் அணிகளிலும் பக்கத்து ஜாரோவிலும் ஆடிவிட்டு 1900இல் சொந்த ஊர்க் கிளப்பிலேயே தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை எண்பது கிலோவுக்கு மேல். அந்தக் காலத் தாக்குதல் வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். அதில் நடுவிலோ, நடுவுக்கு வலப்பக்கமோ இவர் இடம். கட்டுக்குட்டான உடம்பு, தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போகிற ஆட்டம், சிரித்த முகம் என்று அவரைப் பற்றிய வர்ணனைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கோல்கீப்பரையே தோளால் முட்டி வலைக்குள் தள்ளலாம் என்று விதி அனுமதித்த காலம் அது. உடம்பும் ஒரு திறமைதான்.

முதல் சீசனில் சண்டர்லேண்ட் லீக்கில் இரண்டாமிடம். அடுத்த சீசன் பாதி போவதற்குள் காமனை ஷெஃபீல்ட் யுனைடெட் 325 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. அந்த 1901-02 சீசனில்தான் சண்டர்லேண்ட் லீக் சாம்பியன் ஆனது! கேட்டால் ஐயோ பாவம் என்று தோன்றும். ஆனால் அதே சீசனில் அவருக்கு வேறொன்று கிடைத்தது.

1902 ஏப்ரல் 19, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்ஏ கோப்பையின் இறுதிப் போட்டி. எதிரணி சவுதாம்டன், மேலே சொன்ன அந்தச் சதர்ன் லீக்கின் கிளப். அதன் தடுப்பாட்ட வரிசையில் சி. பி. ஃப்ரை நிற்கிறார். கிரிக்கெட் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும், சசெக்ஸ் அணியில் ரஞ்சித்சிங்ஜியோடு சேர்ந்து ரன் குவித்த அதே ஃப்ரை. ஷெஃபீல்டின் கோலில் நிற்பவர் பில்லி ஃபோக், ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோ இருந்த ராட்சதர். இரண்டாம் பாதியில் காமன் ஒரு கோல் போட்டார். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று இருந்த நேரத்தில், கடைசி நிமிடங்களில் சவுதாம்டன் சமன் செய்தது. ஆஃப்சைடு என்று ஷெஃபீல்டுக்காரர்கள் கத்தியும் நடுவர் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் ஃபோக் குளியலறையிலிருந்து பிறந்த மேனியாக வெளியே வந்து நடுவரைத் தேடிக் கிளம்பினார், நடுவர் ஒரு சாமான் அறைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டார் என்று ஒரு கதை நூறு வருடமாக ஓடுகிறது. எத்தனை பேர் வாய் மாறி வந்ததோ, ஆனால் ஃபோக் பற்றிய கதைகளில் நம்பலாம் போலத் தோன்றுவது இது ஒன்றுதான். ஒரு வாரம் கழித்து மறு ஆட்டம், 2-1 என்று ஷெஃபீல்ட் வென்றது. காமனுக்கு 21 வயதில் கோப்பைப் பதக்கம்.

ஷெஃபீல்டில் மூன்று சீசன்கள் நன்றாகவே போயின. 1904இல் இங்கிலாந்து அணிக்கும் ஆடினார். அந்த ஆண்டு கோடையில், எனக்கு ஊரில் தொழில் இருக்கிறது, சண்டர்லேண்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நின்றார். அவரோடு ஒரு கோல்கீப்பரையும் சேர்த்து 520 பவுண்டுக்குச் சண்டர்லேண்ட் வாங்கியது. ஊர் திரும்பிய பிள்ளை அங்கே ஒரு சீசன்கூட முழுதாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் சண்டர்லேண்ட் நிர்வாகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதே 1904 தொடக்கத்தில் அவர்கள் தங்கள் தடுப்பாட்டக்காரர் ஆண்டி மெக்கோம்பியை நியூகாசிலுக்கு 700 பவுண்டுக்கு விற்றிருந்தார்கள், அன்றைக்கு அதுதான் சாதனை விலை. அந்த மெக்கோம்பிக்குத் தொழில் தொடங்கக் கிளப் நூறு பவுண்டு கொடுத்திருந்தது. கடன் என்றது கிளப், அன்பளிப்பு என்றார் மெக்கோம்பி. விவகாரம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் கால்பந்துச் சங்கம் கிளப்பின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தது. உள்ளே உச்சவரம்பைத் தாண்டிய கொடுக்கல் வாங்கல்கள். அபராதம், இயக்குநர்கள் இடைநீக்கம், மேலாளர் அலெக்ஸ் மேக்கிக்கும் தண்டனை. நான்கு பவுண்டு என்பது ஏட்டில்தான் நான்கு பவுண்டு என்று எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அப்படித்தான் சந்திக்கு வந்தது. அதே கிளப் ஓராண்டு இடைவெளியில் இரண்டாவது சாதனை விற்பனையையும் செய்தது. 520க்கு வாங்கிய ஆளை சில மாதங்களில் 1000க்கு விற்றால் நடுவில் 480 பவுண்டு லாபம். நிலபுலன் வாங்கி விற்பவர்கள்கூட இவ்வளவு வேகமாகச் சம்பாதித்திருக்க மாட்டார்கள்.

வாங்கிய மிடில்ஸ்ப்ரோவுக்கு என்ன அவசரம்? அது இரும்பு உருக்கும் ஊர், புதுப்பணக்கார ஊர். கிளப் தொழில்முறைக்கு மாறியது 1899இல்தான். மூன்றே ஆண்டில் முதல் டிவிஷனுக்கு ஏறி, 1903இல் அயர்சம் பார்க் என்ற புது மைதானமும் கட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட கிளப் 1905 பிப்ரவரியில் பட்டியலின் அடியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகளாக வெளியூரில் ஓர் ஆட்டத்தில்கூட ஜெயித்ததில்லை. கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் புது மைதானத்தை நிரப்ப ஆள் வராது. ஆகவே ஆயிரம்.

நாடே கூச்சல் போட்டது. இப்படியே போனால் கால்பந்து வீரர்கள் பந்தயக் குதிரைக் குட்டிகளோடு விலையில் போட்டி போடுவார்கள் போலிருக்கிறது என்று விளையாட்டுப் பத்திரிகை ஒன்று எழுதியது. எனக்கு இதில் வேடிக்கையாகத் தெரிவது, திட்டு முழுவதும் தொகையின் அளவைப் பற்றியே இருந்ததுதான். 325க்கும் 520க்கும் ஆளை விற்றபோது வராத கோபம் ஓர் இலக்கம் கூடியதும் வந்துவிட்டது.

1905 பிப்ரவரி 25. புதுச் சட்டையில் காமனின் முதல் ஆட்டம். எங்கே தெரியுமா? ஷெஃபீல்டின் பிராமல் லேனில், மூன்று சீசன் அவர் ஆடி, கோப்பை வாங்கிக் கொடுத்த அதே யுனைடெட்டுக்கு எதிராக. அந்த மைதானமே ஒரு விசித்திரம். கிரிக்கெட்டும் கால்பந்தும் ஒரே புல்வெளியைப் பங்குபோட்டுக்கொண்டதால் கால்பந்துத் திடலின் ஒரு பக்கம் மட்டும் திறந்தவெளி. 1902இல் ஆஸ்திரேலியாவோடு ஒரு டெஸ்ட் போட்டிகூட அங்கே நடந்திருக்கிறது. கோலே விழாமல் இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் மிடில்ஸ்ப்ரோவுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. எடுக்க வந்தவர் காமன்.

இன்றைய பெனால்டியை மனத்தில் வைத்து இதைக் கற்பனை செய்யாதீர்கள். கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்ற விதி அந்த ஆண்டு கோடையில்தான் வந்தது. பிப்ரவரியில் அவர் ஆறு கஜம் வரை முன்னால் வந்து நிற்கலாம். பந்து பன்னிரண்டு கஜத்தில், அவர் ஆறு கஜத்தில் என்றால் நடுவில் மிச்சம் ஆறே கஜம், பதினெட்டு அடி. கையை விரித்துக்கொண்டு ஓர் ஆள் அவ்வளவு கிட்டத்தில் நின்றால் கோல் பாதி மறைந்துவிடும். பந்தோ தடித்த தோலில் தைத்து, வாயை நாடாவால் கட்டியது. மழையிலும் சேற்றிலும் ஊறிவிட்டால் கல் மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் முந்தின வருடம் வரை அவருக்காகக் கத்திய கூட்டம். அடித்தார், உள்ளே போனது. 1-0. இரண்டு ஆண்டு கழித்து மிடில்ஸ்ப்ரோவுக்கு ஒரு வெளியூர் வெற்றி.

சீசன் முடிவில் பதினெட்டு அணிகளில் மிடில்ஸ்ப்ரோ பதினைந்தாவது. கடைசி இரண்டு இடம்தான் ஆபத்து, ஆக தப்பித்துவிட்டார்கள். காமன் காப்பாற்றினார், ஆயிரம் பவுண்டு வீண்போகவில்லை என்றுதான் எல்லாக் கட்டுரைகளும் இந்தக் கதையை முடிக்கின்றன. ஆனால் ஒரு சின்ன விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கோடையில் லீக் முதல் டிவிஷனைப் பதினெட்டிலிருந்து இருபது அணிகளாகப் பெருக்கியது. அதனால் கடைசி இரண்டு இடத்தில் இருந்த பரி, நாட்ஸ் கவுண்டி இரண்டையும் மேலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு யாருமே இறங்கவில்லை! மிடில்ஸ்ப்ரோ கடைசி இடத்தில் வந்திருந்தாலும் இறங்கியிருக்காது என்றே தோன்றுகிறது. பிப்ரவரியில் பணத்தைக் கொட்டியவர்களுக்கு அது தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காமன் உண்மையிலேயே கைகொடுத்தது அடுத்த சீசனில் என்பது என் எண்ணம். 1905-06இல் மிடில்ஸ்ப்ரோவும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் ஒரே புள்ளி, கோல் சராசரியில், அதாவது போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்த கணக்கில், தப்பியது மிடில்ஸ்ப்ரோ, இறங்கியது ஃபாரஸ்ட். அப்படிப்பட்ட கணக்கில் ஒவ்வொரு கோலும் உயிர். அந்த மார்ச்சில் இன்னொரு பெரிய ஆளையும் கூட்டி வந்தார்கள்: டெர்பியின் ஸ்டீவ் ப்ளூமர், அன்றைய இங்கிலாந்தின் தலைசிறந்த கோல் வேட்டைக்காரர். விலை 750 பவுண்டு. ஆயிரமும் எழுநூற்றைம்பதும் ஒரே தாக்குதல் வரிசையில். மேலாளர் யார் தெரியுமா? சண்டர்லேண்டில் தண்டனை பெற்ற அதே அலெக்ஸ் மேக்கி. காமனை விற்ற மனிதர் சில மாதங்களில் தானும் பின்னாலேயே மிடில்ஸ்ப்ரோவுக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது, அங்கேயும் இயக்குநர்கள் இடைநீக்கம், மேக்கி இரண்டாவது முறையும் மாட்டிக் கால்பந்தையே விட்டுப் போனார்.

கால்பந்துச் சங்கத்துக்கு இந்த விலைகள் உறுத்திக்கொண்டே இருந்தன. 1908 ஜனவரியில், இனி எந்த வீரருக்கும் 350 பவுண்டுக்கு மேல் டிரான்ஸ்ஃபர் தொகை கூடாது என்று விதி போட்டார்கள். கிளப்புகள் ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்திருக்கும். வேண்டிய ஆளை 350க்கு வாங்குவது, கூடவே யாருக்கும் வேண்டாத ஒரு ரிசர்வ் ஆளையும் 350க்கு வாங்குவது. துணிக்கடையில் ஒரு புடவையோடு இன்னொரு மட்டமான புடவையையும் தலையில் கட்டுவார்களே, அதேதான், என்ன, இங்கே வாங்குகிறவரே விரும்பிக் கேட்டு வாங்கினார். நான்கு மாதத்தில் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சம்பள உச்சவரம்பை மட்டும் தூக்கவில்லை. அது 1961 வரை இருந்தது.

வீரர்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. 1907 டிசம்பரில் மான்செஸ்டரில் ஓர் ஓட்டலில் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர்கள் பில்லி மெரிடித், சார்லி ராபர்ட்ஸ் போன்ற மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். 1909இல் சங்கத்தை விட்டு விலகாதவர்களுக்கு ஆட இடமில்லை என்று மிரட்டல் வந்தபோது, யுனைடெட் வீரர்கள் தனியாகப் பயிற்சி செய்துகொண்டு, தங்களுக்கு 'ஒதுக்கப்பட்டோர் கிளப்' என்று பெயரும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் சம்பள வரம்பும் நீங்கவில்லை, பதிவுச் சீட்டும் அசையவில்லை. பின்னால் 1912இல் கிங்கபி என்ற வீரர் ஆஸ்டன் வில்லாவின் மேல் வழக்குப் போட்டுத் தோற்று, சங்கத்தின் கஜானாவும் காலியானது. பதிவுச் சீட்டு விஷயத்தில் நீதிமன்றம் வீரர் பக்கம் பேசியது 1963இல், ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில்.

காமனின் கணக்குக்கு வருவோம். மிடில்ஸ்ப்ரோவுக்காக லீக்கில் 168 ஆட்டம், 58 கோல். மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்ற வீதம். கீழே கிடந்த அணிக்கு, அந்தக் காலத்துக்கு, நல்ல கணக்கு. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்துக்கு மொத்தம் மூன்றே ஆட்டம், இரண்டு கோல். அவர் பெயர் மங்கியதற்கு இது ஒரு காரணம். வலப்பக்க உள் இடத்தில் ப்ளூமர் இருந்தார், 23 ஆட்டத்தில் 28 கோல் போட்ட மனிதர். நடு இடத்துக்கு விவியன் உட்வர்ட் வந்துவிட்டார், அவர் ப்ளூமரின் 28ஐயும் தாண்டியவர். காமன் அந்த இரண்டு இடத்துக்கும் இரண்டாவது ஆள். இன்னொரு காலத்தில் பிறந்திருந்தால் இருபது ஆட்டமாவது ஆடியிருப்பார்.

1910 கோடையில் முப்பது வயதுக் காமன் லண்டனுக்குப் போனார், வூல்விச் ஆர்சனல் கிளப்புக்கு. விலை முன்பு போனதில் ஒரு சின்னப் பங்குதான். அவர் கிளம்பிய நேரம் நல்ல நேரம். அந்த டிசம்பரில் மிடில்ஸ்ப்ரோவின் தலைவர் பொதுத்தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். அப்போது சண்டர்லேண்டோடு ஆட்டம் வர, ஜெயித்தால் ஓட்டு விழும் என்று, அவர் தரப்பில் மிடில்ஸ்ப்ரோ மேலாளரே போய் சண்டர்லேண்ட் கேப்டனுக்குப் பணம் காட்டினார். விஷயம் வெளியே வந்து தலைவருக்கும் மேலாளருக்கும் கால்பந்தில் ஆயுள் தடை. மிடில்ஸ்ப்ரோ ஆட்டத்தில் ஜெயித்தது, தலைவர் தேர்தலில் தோற்றார்.

இன்றைய ஆர்சனலை நினைத்து அன்றைய ஆர்சனலைப் பார்க்கக் கூடாது. தேம்ஸின் தென்கரையில் பிளம்ஸ்டெட் பக்கம், கூட்டம் வராத மைதானம், 1910இல் திவாலாகாமல் தப்பிய கிளப். அங்கே லீக்கில் 77 ஆட்டம், 23 கோல். அதில் பதினேழு 1911-12 சீசனில் மட்டும் போட்டது, அந்த ஆண்டு அணியில் அதிகம் போட்டவர் அவரே. அடுத்த சீசன் அலங்கோலம். ஆர்சனல் சீசன் முழுவதிலும் மூன்றே ஆட்டம் ஜெயித்துக் கீழே இறங்கியது. காமன் அந்த டிசம்பரிலேயே பிரெஸ்டன் நார்த் எண்டுக்கு மாறிவிட்டிருந்தார். பிரெஸ்டன் அதே சீசனில் இரண்டாம் டிவிஷன் சாம்பியனாகி மேலே ஏறியது. இறங்குகிற கப்பலிலிருந்து ஏறுகிற கப்பலுக்குத் தாவ இந்த மனிதருக்கு எப்போதும் தெரிந்திருந்தது, 1901 சண்டர்லேண்ட் தவிர.

1914இல் ஆடுவதை நிறுத்தினார். அப்புறம் டார்லிங்டன் பக்கம் பப் நடத்தினார். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கு அன்று வழக்கமான பிழைப்பு அது, பெயர் தெரிந்த முகம் கல்லாவில் இருந்தால் கூட்டம் வரும். பல வருடம் அங்கேயே இருந்தார். கல்லாவில் நின்றபடியே விலைச் சாதனைகள் ஒவ்வொன்றாக உடைந்ததை அவர் பத்திரிகையில் படித்திருக்க வேண்டும்: 1922இல் சிட் படிஃபுட் 5,000 பவுண்டு, 1928இல் டேவிட் ஜாக் பத்தாயிரத்தைத் தாண்டி. ஜாக்கை வாங்கியதும் ஆர்சனல்தான், ஆனால் அது அதற்குள் வட லண்டனுக்கு இடம் மாறிப் பணக்கார ஆர்சனல் ஆகிவிட்டிருந்தது. காமன் 1946 ஏப்ரல் 3 அன்று டார்லிங்டனில் காலமானார், வயது 65.